நோம்பிக்குப் பின்னிய கிடாய்

1. பங்குனி மாரியம்மன் நோம்பிக்கு அக்கா மகளுக்குக் கொடுக்க ஐந்து நூல் பொம்மைகள் பின்னினேன்: முயல், கோழிக்குஞ்சு, ஆமை, பூனை, கிடாய்.

2. கிடாயின் வயிற்றுக்குள் ஓர் ஊக்கை மறந்து வைத்துத் தைத்துவிட்டேன்.

3. நோம்பியன்று காலை, நிஜக் கிடாயை வெட்டிய அரிவாளாலேயே மச்சான் நூல் கிடாயையும் பிளந்தார்.

4. ஊக்கு விழுந்தது.

5. அக்காவின் இடது முன்கை எலும்பு முறிந்தது.

6. மச்சானின் புறங்கையில் நான் குரோஷா ஊசியை இறக்கினேன்.

7. கம்பம் நட்டிருந்த ஊரைவிட்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவையும் குழந்தையையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வெளியேறினேன்.

மகளிர் காவல் நிலையத்தில் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்த போலீஸ்கார அம்மா, "ஆறாவத எடுத்துருலாமா அம்மணி? உனக்கே திரும்புமே" என்றார். நடந்ததைத்தானே கேட்டீர்கள் என்றேன். ஆறாவது அப்படியே இருக்கிறது.

எங்கள் வீடு குமாரபாளையத்தில். டெக்ஸ்டைல் படித்துவிட்டு ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். நூலில் இருக்கக் கூடாதவற்றைத் தேடி எழுதுவது என் வேலை: தலைமுடி, சணல் நார், வண்ண நூல், கோழி இறகு. அக்காவை மல்லசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சானுக்கு ரிக் வண்டி ஓடுகிறது. ஆழ்குழாய் போட ஒடிசா வரை போகும். வருடத்தில் பாதி நாள் அவர் வீட்டில் இருக்கமாட்டார். அந்தப் பாதி நாளில் அக்கா போனில் நன்றாகப் பேசுவாள்.

மீதிப் பாதியைப் பற்றி என் போனில் ஒரு குறிப்பு வைத்திருந்தேன். கார்த்திகை: கன்னத்தில் வீக்கம், கதவு இடித்துவிட்டதாம். தை: உதடு கிழிந்தது, மாடு முட்டியதாம். மாசி: கழுத்தில் நான்கு விரல் அளவுக்குச் சிவப்பு, காரணம் சொல்லவில்லை. அப்பாவிடம் காட்டினேன். "நோம்பி முடியட்டும் சாமி, பேசலாம்" என்றார். போன வருடமும் நோம்பி முடியட்டும் என்றுதான் சொன்னார்.

கிடாய் பின்னியதற்குக் காரணம் குழந்தை. நான்கு வயது. போன நோம்பிக்கு வளர்த்த கிடாய்க்கு அவள்தான் தினமும் அகத்திக்கீரை ஊட்டினாள். அதை வெட்டியபோது அழுதாள். விடாமல் அழுததால் அவளுக்கும் அடி விழுந்தது. பிறகு அழவில்லை, சிறுநீர் போய்விட்டாள். அதற்கும் அடி. இந்த வருடம் அவளிடம் யாரும் வெட்ட முடியாத கிடாய் ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒன்று மட்டும் கொடுத்தால் தனியாக இருக்குமே என்று மற்ற நான்கையும் பின்னினேன்.

நூல் பொம்மை பின்னுவது மென்மையான வேலை என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. குரோஷா ஊசியால் ஆறு கண்ணி போட்டுச் சுழியை இறுக்கி மூட வேண்டும். கழுத்து வரும் இடத்தில் நூலைச் சுற்றி, இதற்கு மேல் இறுகாது என்னும் வரை இழுக்க வேண்டும். கண்ணைக் குத்தி உள்ளே இறக்கிப் பின்பக்கம் பூட்ட வேண்டும். வயிற்றுக்குள் பஞ்சை அடைத்து, போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு பிடி திணிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் எங்கே தொடங்கியது என்று தெரிய ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டே போவேன். மில் பஸ்ஸில் போகவர இந்த வேலை நடந்தது. கிடாய்க்குப் பஞ்சு போதவில்லை. மில்லில் கழித்துப் போட்ட நூல் கந்தலை அடைத்தேன். அதில் கறுப்பும் சிவப்பும் முடிச்சு முடிச்சாக இருந்தன. கண்ணிகளோடு என் தலைமுடியும் இரண்டொன்று சேர்ந்து பின்னிக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது தவிர்க்க முடியாதது. நான் பரிசோதிக்கும் நூலாக இருந்திருந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டுப் பொம்மைதானே என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் முக்கிளை உள்ள மரக் கம்பம் நட்டால், அதைப் பிடுங்கும் வரை ஊர்க்காரர்கள் வெளியே போய்த் தங்கக் கூடாது. தங்கினால் அம்மை போடும் என்பார்கள். பொங்கல் வைத்துக் கிடாய் வெட்டும் நாளுக்கு நான் போனேன். கம்பம் பிடுங்க இன்னும் ஒரு நாள் இருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு வெட்டு நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து சாக்கடையில் ஓடின. தலை இல்லாத உடல் ஒன்று காலை உதறிக்கொண்டிருந்தது. நான் ஸ்கூட்டரை வளைத்து ஓட்டினேன்.

அக்காவின் மாமியார் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வா சாமி. என்ன இப்புடிக் கருத்துப் போயிட்ட? மில்லுல சோறு போடறாங்களா, நூலத்தான் திங்கச் சொல்றாங்களா?"

"நூலுதானுங் அத்தை, ஞாயித்துக்கெழம மட்டும் சோறு."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு அது. அதன் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

குழந்தை ஓடி வந்து பையைப் பிடுங்கியது. அக்கா சமையலறையிலிருந்து பார்த்தாள். முகம் வெளிறியது. பக்கத்தில் வந்து, "கண்ணு வெச்சதா? ஐயோ, உள்ள வைடி. இப்ப வேண்டாம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் அவசரமாகச் சொன்னாள். ரிக்கின் சுத்தியல் எங்கோ நிலத்தடியில் மாட்டி, எடுக்க முடியாமல் வண்டி நிற்கிறது. சினை மாடு மாதம் நிறையாமலே கன்றை வீசிவிட்டது. கோடாங்கியிடம் குறி கேட்டார்கள். பெண் வந்த வழியிலிருந்து செய்வினை ஒன்று வரும், அதற்குக் கண் இருக்கும், உயிர் இருக்காது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அதற்குள் குழந்தை ஐந்தையும் நடு வீட்டில் வரிசையாக நிறுத்தியிருந்தது. கிடாயை மடியில் வைத்து, "சித்தி, இதுக்கு ரத்தம் வராதுல்ல?" என்று கேட்டது. வராது என்றேன்.

மச்சான் பின்கட்டிலிருந்து வந்தார். முழங்கை வரை ரத்தம். கையில் அரிவாள். வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன இஞ்சினியரம்மா, படிச்ச படிப்புக்கு பொம்ம வேலதான் கெடச்சுதா?"

"பாப்பாவுக்கு நோம்பிக்குங் மச்சான்."

அவர் குனிந்து முயலை எடுத்து, வாசற்படியில் வைத்து ஒரு போடு போட்டார். வெள்ளைப் பஞ்சு. கோழிக்குஞ்சு, பஞ்சு. ஆமை, பூனை, பஞ்சு. ஒவ்வொன்றையும் பிளந்த பிறகு விரலை விட்டுக் கிளறிப் பார்த்தார். குழந்தை சத்தமில்லாமல் கிடாயை வயிற்றோடு அழுத்திக்கொண்டது. அவர் அதன் கையை விரித்துப் பிடுங்கினார்.

கிடாயின் வயிற்றிலிருந்து கறுப்பும் சிவப்புமாகக் குடல் போல நூல் சரிந்தது. ஒரு நீள முடி அவர் விரலில் சுற்றிக்கொண்டது. ஊக்கு படியில் விழுந்து துள்ளியது. திறந்திருந்தது.

மாமியார் எழுந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஆத்தா! என்ற ஊட்டுக்கே கொண்டாந்து வெச்சுப்போட்டாளுங்களே!"

"நாந்தானுங் உட்டுட்டேன். கண்ணி எண்ணற ஊக்கு. அது மில்லு கந்த நூலுங்" என்று நான் சொன்னேன். இன்று நினைத்தால், அதைவிட முட்டாள்தனமான விளக்கத்தை யாரும் சொல்லியிருக்க முடியாது. உண்மை என்பதைத் தவிர அதில் வேறு பலமில்லை.

மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவிடம் போனார்.

"தங்கச்சிக்காரிய உட்டு வெக்கச் சொன்னயா? நா சாவோணுமா? சொல்றி!"

அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அடித்தார். அக்கா தலையைக் காக்கக் கையைத் தூக்கினாள். பச்சைக் குச்சி முறிவது போன்ற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை, மூச்சுதான் உள்ளே போனது. இரண்டாவது அடி தோளில். பிறகு அரிவாளைப் போட்டுவிட்டு முடியைச் சுற்றிப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். ஒன்று. இரண்டு. நான் இடையில் புகுந்தேன். என்னை உதறியதில் என் வாய் நிலைப்படியில் பட்டுப் பல் உடைந்தது. மாமியார், "முடிய உடுடா, செத்துருவாடா" என்று கத்தினார். அவர் விடவில்லை.

என் கைப்பையில் குரோஷா ஊசி இருந்தது. இரும்பு ஊசி, நுனியில் கொக்கி. அதை முடியைப் பிடித்திருந்த அவர் புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குத்தினேன். நான் நினைத்ததைவிடச் சுலபமாக இறங்கியது. வெளியே இழுக்கும்போதுதான் கொக்கி மாட்டியது. நான் நிறுத்தவில்லை, இழுத்தேன். அவர் போட்ட சத்தத்தில் தெருவில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

முடி விடுபட்டது. அக்காவைத் தூக்கினேன். குழந்தையை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தினேன். அக்காவின் கையை அவள் முந்தானையால் அவள் உடம்போடு கட்டினேன்.

கோயில் முன்னால் பெண்கள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "கம்பம் நிக்குது, புள்ளையத் தூக்கிட்டு ஊரத் தாண்டறாளே, அம்ம போட்டுருமே!" என்று பின்னாலிருந்து கத்தினாள். கிடாய் உரித்துக்கொண்டிருந்த ஒருவர் எதுவும் தெரியாமல், "ஏனுங்க, கறி வாங்காமப் போறீங்க?" என்றார். யாரும் வழி மறிக்கவில்லை. யாரும் கூட வரவும் இல்லை.

குமாரபாளையம் வந்த ஆறாம் நாள் குழந்தைக்கு அம்மை போட்டது.

முதலில் கழுத்தில் இரண்டு கொப்புளம். மறுநாள் முகம், முதுகு, தலை. மாமியார் அக்காவின் வாட்ஸ்அப்புக்குக் குரல் செய்தி அனுப்பினார். அதில் கோபமே இல்லை, அதனால்தான் பயமாக இருந்தது. "ஆத்தா கேட்டுட்டா பாத்தயா சாமி. புள்ளையக் கூட்டிட்டு வந்துரு. தண்ணி ஊத்திக் கும்புட்டுக்குவோம். அவன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டான்." அப்பா அதை இரண்டு முறை கேட்டார். கேட்டுவிட்டு, "போயிட்டாச்சும் வரட்டுமே" என்றார். அக்கா ஒற்றைக் கையால் குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

நான் ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். இந்த அம்மை ஒட்டிய பிறகு வெளியே தெரியக் குறைந்தது பத்து நாள் ஆகும் என்று டாக்டர் சொன்னதை எழுதினேன். நாம் வந்த ஆறாம் நாளே கொப்புளம் வந்தது என்று எழுதினேன். கழித்துக் காட்டினேன். ஊரைத் தாண்டுவதற்கு முன்பே, கம்பம் நின்ற ஊருக்குள் இருக்கும்போதே ஒட்டியது இது.

அக்கா தாளைப் பார்த்தாள். அது அவளைச் சமாதானப்படுத்தியதா என்று எனக்குத் தெரியாது. குழந்தை சொறியாமலிருக்க அதன் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"அம்ம போட்டா எறங்கீரும். அன்னைக்கு அரிவாளத் திருப்பிப் புடிச்சான். அடுத்த வாட்டி நேராப் புடிப்பான். நா போவுல."

அப்பா எழுந்து வெளியே போனார். வேப்பிலையோடு திரும்பி வந்தார். துணிகளை நானே எடுத்து அலமாரியில் வைத்தேன்.

இப்போது நிலைமை இது. அக்காவின் புகாரில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. மச்சான் ஜாமீனில் இருக்கிறார். திருப்பிப் பிடித்துத்தான் அடித்தேன் என்று வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த புகாரில் என் பெயரும் இருக்கிறது, வாய்தாவுக்கு லீவு போட்டுப் போகிறேன். அக்காவின் கையில் பிளேட் வைத்திருக்கிறார்கள், சுண்டுவிரல் மடங்குவதில்லை. குழந்தைக்கு அம்மை இறங்கிவிட்டது, நெற்றியில் இரண்டு தழும்பு. பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். அக்கா இங்கேதான் இருக்கிறாள்.