செங்கடலில் வைத்த நோன்பு

சூளைக் கதவிலுள்ள சிறு துவாரத்தில் நீலக் கண்ணாடியை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே எரியும் தீயைப் பார்த்துக்கொண்டு நிற்பார் பாய். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். விருத்தாசலத்தில் நான் எழுத்தராக இருந்த செராமிக் யூனிட்டில் அவருக்குச் சூளையில் வேலை. அதற்கு முன்பு ஒரு சரக்குக் கப்பலின் பாய்லர் அறையில் இருந்தவர். “இங்க பீங்கான் வேகுது, அங்க நாங்க வெந்தோம். அவ்ளோதான் சார் வித்தியாசம்” என்பார்.

தேதி இல்லாத கதையை என்னால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பாயிடம் தேதி என்பதே கிடையாது. ஒருமுறை சொல்லும்போது புயல் ஏடனுக்கு முன்னால் அடிக்கும். அடுத்தமுறை ஏடனைத் தாண்டி அடிக்கும். எந்த வருஷம் பாய் என்று கேட்டால், “அது ஆச்சு சார், எம்மாம் வருஷம்!” என்று கையை மேலே வீசுவார். பயண விவரங்கள் பதிந்த அவருடைய கப்பல் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியவை கப்பலின் பெயரும், அது யுத்த காலத்தில் கட்டியது என்ற தகவலும்தான்.

ஓய்வுபெற்றபின் நான் அந்தக் கப்பலைத் தேட இறங்கியதற்குக் காரணம் பாய்க்கு ஒரு கூட்டாளி இருந்தார் என்பது. சிட்டகாங் பக்கத்துக்காரர். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பம்பாயில் பாய் இறங்கிவிட்டார். கூட்டாளி அதே கப்பலில் தொடர்ந்து போனார். பிறகு ஒரு சேதியும் இல்லை. “கப்பலு என்னா ஆச்சுன்னு தெரிஞ்சா அவன் என்னா ஆனான்னு தெரிஞ்சிடும் சார். எப்டியாவது பாருங்க” என்றார். மங்கலம்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதே பேச்சு.

யுத்தச் சரக்குக் கப்பல்களின் வரலாறு தேடுகிறவனைப் பைத்தியமாக்கும். மூழ்க மூழ்க ஈடுகட்ட வேண்டும் என்று ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். ஆணியடித்து இணைக்க நேரமில்லாமல் தகடுகளைப் பற்றவைத்தார்கள். கடுங்குளிரில் சிலவற்றின் உடல் விரிசல் கண்டது, சில இரண்டாகவே முறிந்தன. யுத்தம் முடிந்ததும் வந்த விலைக்கு விற்றார்கள். வாங்கியவர் ஒரு பெயர் வைப்பார், அவரிடம் வாங்கியவர் வேறொரு பெயர் வைப்பார். ஆண்டு தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஓரடி நகர முடியாது.

எனக்குக் கிடைத்த ஒரே பிடி பாயின் இந்தப் பேச்சு: “அந்தக் கடைசிப் பயணத்துல செங்கடல்ல நோன்பு வெச்சேன் சார். ஜூன் மாசம். இரும்பத் தொட்டா தோலு ஒட்டிக்கும்.” நான் துள்ளினேன். ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். யுத்தம் முடிந்து அந்தக் கப்பல்கள் ஓடிய காலத்தில் அது ஜூனில் வந்த ஆண்டுகள் சிலவே. அப்போது பாய்க்கு மீசைகூட முளைத்திருக்காது என்பது உறுத்தியது. வயதைக் கூட்டிச் சொல்லிக் கப்பலேறியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த ஆண்டுகளில் அந்தப் பெயரில் ஓடிய கப்பல் ஒன்றே ஒன்று. பாய் இறங்கியிருக்க வேண்டிய காலத்துக்குச் சற்றுப் பின்னால், வட அட்லாண்டிக் புயலில் அது முறிந்து மூழ்கியிருந்தது. யாரும் பிழைக்கவில்லை.

சொன்னேன். பாய் கைலி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். கப்பல் மூழ்கிய தேதியைப் பிறைக் கணக்குக்கு மாற்றிக் கொடுத்ததும் நான்தான். அதிலிருந்து ஆண்டுதோறும் அந்த நாளில் கூட்டாளி பெயரில், இறந்தவர்களுக்கு ஓதும் பாத்திஹா ஓதி, தெருவுக்கு நெய்ச்சோறு கொடுத்தார். அந்தச் சோற்றை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகொரு நாள், ரமலான் முடிந்து மாதங்கள் கழித்து, அங்கே போயிருந்தேன். பாயின் மகள் எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்தார். நீங்களும் குடியுங்கள் என்றேன்.

“நான் நோன்புங்க சார்.”

“இப்ப ஏதும்மா நோன்பு?”

“களா நோன்பு. நோன்பு மாசத்துல காய்ச்சல்ல வுட்டுப்போச்சு. வுட்டத அப்பறமா வெச்சுக் கழிச்சிடணும்.”

டம்ளரைக் கீழே வைத்தேன். “பாய், செங்கடல்ல வெச்சீங்களே, அது எந்த நோன்பு?”

“அதுவும் களாதான். பாய்லரு முன்னாடி நின்னுக்கிட்டு எவன் சார் தண்ணி குடிக்காம இருப்பான்? கப்பலு ரிப்பேராயி நங்கூரம் போட்டு நின்னுச்சு, அப்ப வெச்சேன்.”

“இத்தனை வருஷத்துல ஏன் பாய் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? நோன்பு நோன்புதான?”

அன்றே கணக்கைத் திரும்பப் போட்டேன். ரமலான் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்திருந்தால், அது அவ்வளவு முன்னே நகரப் பல வருஷம் பிடித்திருக்கும்; பாயின் பயணம் வெகுவாகப் பின்னால் தள்ளிப்போகிறது. பாயின் வயதும் அப்போதுதான் பொருந்துகிறது. முறிந்த கப்பலுக்குப் பதிலாக அதே முதலாளிகள் அதே வகைக் கப்பல் ஒன்றை வாங்கி அதே பெயரை வைத்திருக்கிறார்கள். கப்பல்காரர்களிடம் இது வழக்கம். பாய் ஏறியது இந்த இரண்டாவது கப்பலில். முதல் கப்பல் மூழ்கியபோது அவர் கடலையே பார்த்ததில்லை.

அடுத்த பஸ்ஸில் போய்ச் சொன்னேன். மகள்தான் முதலில் வாய் திறந்தார்: “அப்ப உசுரோட இருக்கறவருக்கா, அத்தா, சோறாக்கிப் போட்டோம்?” சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாய் என் முகத்தையே பார்த்தார். “அந்த ரெண்டாவது கப்பலு?” என்றார். அது எங்கும் மூழ்கவில்லை, கைமாறிப் பெயர்மாறி ஓடிக் கடைசியில் உடைக்கப் போனது என்றேன். உடைத்த ஊரையும் சொன்னேன்.

“கப்பல வுடுங்க சார். அவன் எங்க எறங்கினான்?”

பாய்லர் அறையில் வெந்தவர்கள் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள் என்பதை நான் பார்த்த எந்தக் கப்பல் வரலாற்றிலும் யாரும் எழுதவில்லை. முதலாளிகளின் பெயர் இருக்கிறது, எஞ்சின் செய்த பட்டறையின் பெயர்கூட இருக்கிறது. நானும் தேடித் தேடி அதையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு அந்த நாள் வந்தது. பாய் வீட்டில் அடுப்பில் பெரிய அண்டா ஏறவில்லை. ஏன் பாய் என்று கேட்டேன்.

“இருக்கறவனுக்கு ஓதினா தப்பு. செத்தவனுக்கு ஓதாம வுட்டா அதுவும் தப்பு. நான் என்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க” என்றார்.