வெளிச்சவீட்டில் நான் சுரண்டிய துரு

இரண்டு வாரமாக இந்தப் பத்தி வரவில்லை. 'எழுத்தாளருக்குச் சுகமில்லை' என்று ஆசிரியர் நல்ல மனதோடு போட்டிருந்தார். எனக்கு ஒரு குறையும் இல்லை. தெற்கே ஒரு பழைய துறைமுகத்தில், இரும்பு வெளிச்சவீட்டின் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தேன். பெயின்ட் வேலை.

எழுதிப் பிழைக்கலாம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? என்னிடமும் சொன்னார்கள்.

கூட்டிப்போனவர் பலாங்கொடை நளீம் நானா. எங்கள் கஹவத்தைப் பக்கத்து ஃபேக்டரிக் கூரைகளுக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எடுத்தவர். துறைமுக வேலை அவருக்கு இதுதான் முதல் தடவை. ஒழுங்காக முடித்தால் அடுத்ததும் கிடைக்கும். சொதப்பினால் நாங்கள் ஆறு பேரும் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். யுத்தநிறுத்தக் காலம் என்பதால், வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு தமிழனான என்னையும் உள்ளே விட்டார்கள். படுக்கை பெயின்ட் வாளிகளுக்கு நடுவே. தலைவலி இலவசம்.

கோபுரத்தில் கல் கிடையாது, சீமெந்து கிடையாது. முழுக்க வார்ப்பிரும்புத் தகடுகள். இங்கிலாந்தில் வார்த்து, நம்பர் போட்டு, கப்பலில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, இங்கே போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். எங்கள் தேயிலை ஃபேக்டரியின் தூண்களும் அப்படி வந்தவைதான். பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

"துரு ஒரு பொட்டு இருக்கப்படாது" — நானாவின் உத்தரவு.

மற்றவர்கள் தகட்டைத் தேய்த்தார்கள். என் கண் போனது தகடுகள் சேரும் இடுக்கில். பழுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது.

நான் ரப்பர் வெட்டும் வீட்டில் பிறந்தவன். காலையில் மரத்தடிக்குப் போனதும் முதல் வேலை, வெட்டின கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பது. கோட்டில் எதையாவது கண்டால் கை சும்மா இருக்காது... உளியும் சுத்தியலுமாக மூன்று நாள். கல் மாதிரி இருந்தது. இவ்வளவு இறுக்கமாக ஒன்று இருந்தால், அதை வேண்டுமென்றே வைத்திருப்பார்களோ என்று மனிதனுக்குத் தோன்ற வேண்டாமா? எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் துறைமுக இன்ஜினியர் வந்தார். இளம்பெண். நானே முந்திக்கொண்டு சிங்களத்தில், "மிஸ், இந்தப் பக்கம் பாருங்க, நான் செஞ்சது" என்றேன்.

அவர் இடுக்கில் விரலை விட்டார். "இதுக்குள்ள இருந்தது எங்கே?"

"கடல்ல கொட்டிட்டேன் மிஸ். சுத்தமா."

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரும்புத் தூளில் நவச்சாரம் கலந்து, ஈரமாக்கி, இடுக்கில் அடித்து இறுக்குவார்களாம். அது துருப்பிடித்து, ஊதி, கல்லாகிவிடுமாம். நூறு வருஷத்துக்கு மேலாகக் கடலை வெளியே நிறுத்தி வைத்திருந்தது அந்தத் துருதானாம்.

"அடுத்த வெள்ளிக்குள்ள அடைச்சு, தண்ணி பீச்சிக் காட்டணும். ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் உங்க ஆளுங்க எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார் நானாவிடம்.

நானா என்னைப் பார்த்தார். "பத்திரிகையில எழுதுற ஆளுன்னு நம்பிக் கூட்டியாந்தேன்டா..."

"அதை நம்பினது உங்க தப்பு நானா."

யாரும் சிரிக்கவில்லை.

இரும்புத் தூள் துறைமுகப் பட்டறையிலேயே கிடைத்தது. நவச்சாரம்? பலாங்கொடையில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் நானாவின் மச்சான், ஒரு போத்தல் நிறையப் போட்டு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார். மறுபடி கயிறு. சுரண்டியது மூன்று நாள். அடித்து இறுக்கியது நாலு நாள். நவச்சார நெடியில் கண்ணீர் வந்தது. மனம் வருந்தி அழுகிறேன் என்று நினைத்து மற்றவர்கள் கொஞ்சம் இளகினார்கள். நானும் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியே குழாயில் தண்ணீர் பீச்சினார்கள். உள்ளே நானா இரும்புப் படியில் உட்கார்ந்து, டார்ச்சை அடித்துத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம். பிறகு உள்ளங்கையால் இடுக்கைத் தடவி, கையை இன்ஜினியரிடம் நீட்டினார். காய்ந்த கை.

"வேலையை முடியுங்க" என்றார் அவர். இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "நீங்க இனி பிரஷ் மட்டும்."

உளி, சுத்தியல், சட்டைப்பையில் இருந்த பேனாக்கத்தி — எல்லாம் பறிமுதல்.

கப்பல்காரர்கள் கவனத்துக்கு: கடல் பார்த்த பக்கம், கீழிருந்து மூன்றாவது தகட்டு வளையத்தின் இடுக்கு என் கைவேலை. மற்றதையெல்லாம் நம்பலாம்.