அண்ணி தேர்ந்தெடுத்த மதர்போர்டு

மழை பெய்தால் எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடும், எந்த வயலில் எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக, கீழ்வேளூரில் எங்கள் வீட்டிலிருந்தபடியே அதைச் செய்கிறேன். கணக்கை நான் போடுவதில்லை, கம்ப்யூட்டர்தான் போடும். போன வருஷம் வரை அந்த வேலையை ஒரு லேப்டாப் செய்துகொண்டிருந்தது. காலையில் ஒரு கணக்கை ஓட விட்டால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடியும். அதுவரைக்கும் அது போடும் சத்தத்தில் என் கணவர் டிவியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். கடைசியில் இரண்டில் ஒன்று வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று ஆனது.

புதுக் கம்ப்யூட்டருக்கு நிறுவனமும் சம்மதித்தது. உனக்கு எது வேண்டுமோ சேர்த்துக் கட்டிக்கொள், பில்லை அனுப்பு என்றார்கள். எதைச் சேர்ப்பது, எதைக் கட்டுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இணையத்தில் படித்தேன். பாகங்களையெல்லாம் பொருத்தும் பலகைதான் மதர்போர்டு; ஒருவர் உயர்த்திச் சொன்னதை இன்னொருவர் குப்பை என்றார். குழம்பிப்போய் தரங்கம்பாடியில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"என்னை ஏன் கேக்குற? உங்க அண்ணிகிட்ட கேளு" என்றான்.

"அண்ணிகிட்டயா?"

"அவ கம்ப்யூட்டர் மூடியே இல்லாமத்தான் எப்பவும் கிடக்கும். பக்கத்துல காபி டம்ளரை வெச்சா கத்துவா."

அண்ணி மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் குடும்பத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சண்டை எதுவும் கிடையாது, நெருக்கமும் கிடையாது. கிறிஸ்துமஸுக்குப் பார்ப்போம். "நல்லா இருக்கீங்களா?" என்பார். "நல்லா இருக்கேன் அண்ணி, நீங்க?" என்பேன். அத்தோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிடும். இப்படிப்பட்டவரிடம் மதர்போர்டு பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன்.

கடைசியில் அழைத்தேன், எடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். என்ன பட்ஜெட், என்ன கம்பெனி என்று எல்லோரும் கேட்பதை அவர் கேட்கவில்லை. "உங்க கணக்கு எப்படி ஓடுது? அதைச் சொல்லுங்க" என்றார். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தண்ணீர் என்று திரும்பத் திரும்பக் கணக்கிடும் என்றேன்.

"அப்ப ப்ராசஸர் பாவம், சும்மாதான் நிக்குது. மெமரிலேர்ந்து எண்கள் வந்து சேர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கு. உங்களுக்கு முக்கியம் மெமரி. அதுக்கு ஏத்த போர்டு."

"மதகு பெரிசு, வாய்க்கால் குறுகலா இருக்குங்கிறீங்க."

மறுமுனையில் அண்ணி சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "பள்ளிக்கூடம் லீவுதான். நானே வர்றேன், தஞ்சாவூர்ல போய் வாங்கலாம்" என்றார்.

மே மாத வெயிலில் தஞ்சாவூர்க் கடைத்தெருவில் நடந்தோம். கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு மதர்போர்டை எடுத்து வைத்தார். அதன் ஓரமெல்லாம் வண்ண விளக்குகள். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, மேடம். கல்யாண வீடு மாதிரி இருக்கும்" என்றார்.

அண்ணி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு சின்னதாக இருந்தது. "விளக்கு நிறைய இருக்கு. தகடுதான் இத்துனூண்டு. நாங்க ஓவர்க்ளாக் பண்ணப்போறோம்" என்றார். ஓவர்க்ளாக் என்றால், தயாரித்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டிப் பாகங்களை ஓட்டுவது. அப்போது சூடு கூடும். மின்சாரம் கொடுக்கும் பகுதி திடமாக இல்லாவிட்டால் தாங்காது. இதையெல்லாம் தஞ்சாவூருக்கு வரும் ரயிலிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். விளக்கு ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறம். தகடு மட்டும் செங்கல் கனத்துக்கு இருந்தது. "இது ரொம்ப நல்ல போர்டு, மேடம். மினுக்கலன்னு யாரும் வாங்கல" என்றார். அண்ணியின் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து, அதுதான் எங்கள் மதர்போர்டு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மெமரிதான் இழுத்தடித்தது. நான் இணையத்தில் படித்த தெம்பில், இருப்பதிலேயே வேகம் கூடியதைக் கேட்டேன். அதில் அளவு குறைவு. என் கணக்குக்கோ அளவும் நிறைய வேண்டும். "அப்ப நாலு ஸ்லாட்லயும் போட்டுடலாம், அண்ணி" என்றேன்.

"நாலு போட்டா எல்லாமே மெதுவாத்தான் ஓடும். போர்டால நாலையும் ஒரே வேகத்துல இழுக்க முடியாது. பெரிசா ரெண்டு போடுங்க."

"அதுல வேகம் கம்மியால்ல போட்டிருக்கு?"

"பெட்டியில போட்டிருக்கறது கம்மி. நாம ஏத்திக்கலாம்."

நான் விடவில்லை. பசி வேறு. கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம். சாம்பார் சாதத்திலிருந்து மோர் சாதம் வரைக்கும் தர்க்கம் ஓடியது. போர்டு தயாரித்தவர்கள் எந்தெந்த மெமரியைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை அண்ணி போனில் எடுத்துக் காட்டினார். நான் கேட்ட வேகமானது அதில் இல்லை. அவர் சொன்ன ரகம் இருந்தது. பரிமாறிய ஹோட்டல்காரர், "என்ன மேடம், நிலம் வாங்குறீங்களா? காலைல வந்து உக்காந்தவங்ககூட இவ்வளவு பேசல" என்றார்.

திரும்பிப் போனதும் அண்ணி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தார், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது. ப்ராசஸரின் மேல் வைக்கும் பெரிய கூலருக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தார். பிறகு மெமரியின் உயரத்தை அளந்தார். நான் ஆசைப்பட்டதன் தலையில் கிரீடம்போல ஒரு தகடு இருந்தது. அது கூலரில் இடிக்கும். அவர் சொன்னது குட்டையாக, கறுப்பாக, அடக்கமாக இருந்தது. அதையே எடுத்துக்கொண்டோம். கடைக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் காலை எங்கள் சாப்பாட்டு மேசையில் பாகங்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்தினார். மெமரியை மட்டும் என்னைப் போடச் சொன்னார். அழுத்த பயமாக இருந்தது. "இன்னும், இன்னும்" என்று அவர் சொல்லச் சொல்ல அழுத்தினேன். டக்கென்று சத்தம் வந்தது. உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதுதான் சரியாக உட்காரும் சத்தமாம்.

பத்தரை மணி வாக்கில் சுவிட்சைப் போட்டோம். விசிறிகள் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மெமரிக்குப் பக்கத்தில், போர்டின் ஓரத்தில், ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. நான் அழுத்திய அழுத்தலில்தான் ஏதோ போய்விட்டது என்று தோன்றியது. அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்க்கலாம் என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"ஏய்! கைய எடு! தொடாதடி!"

கை அப்படியே நின்றது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, சாரி... நீங்க..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். மேசை மேலிருந்த ஸ்க்ரூ எல்லாம் உருண்டு ஓடும் அளவுக்குச் சிரித்தோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் 'நீங்க' ஒருபக்கமாகத்தான் இருக்கிறது. நான் மரியாதை கொடுக்கிறேன், அவர் 'டி' போடுகிறார்.

புது ரக மெமரியை முதல் தடவை போட்டால், போர்டு அதைப் பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்குமாம். அதுவரை திரையில் எதுவும் தெரியாது. நடுவில் அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். "படிச்சிருக்கேன், பார்த்ததில்ல. என்னுது பழைய ரகம். அதான் நானும் உள்ளுக்குள்ள நடுங்கிட்டிருந்தேன்" என்றார் அண்ணி.

காத்திருந்த நேரத்தில் கேட்டேன்: "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, ஒருநாள்கூட சொன்னதில்லையே, அண்ணி?"

"உங்க வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவீங்க. நான் எங்க புகுறது?"

மறுக்க முடியாத உண்மை. பள்ளிக்கூட லேபில் மூலையில் கிடந்த கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொன்னார். அவருடைய முதல் போர்டு கடல் காற்றில் பச்சையாகப் பூத்துச் செத்துப்போனதாம். "எங்க ஊர்ல சாவி, கத்திரிக்கோல் எல்லாமே துரு பிடிக்கும். அது மட்டும் தப்பிக்குமா?" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அவசரத்தில் சுவரில் நேராகச் சொருகியிருந்தோம். விசிறிகள் நின்றன, ஆரஞ்சுப் புள்ளி அணைந்தது. நாங்கள் இருவரும் ஒரே குரலில் "அட!" என்றோம். என் கணவர் யுபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார், எலுமிச்சம்பழச் சாறும் போட்டுக் கொடுத்தார். கரண்ட் வந்ததும் மறுபடி ஆரம்பித்து, பழச்சாறு முடியும்போது திரை வெளிச்சமானது. நான் அண்ணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு வேகத்தை ஏற்ற ஆரம்பித்தோம். இரண்டு நாளில் போய்விடுவதாக வந்த அண்ணி அந்த வாரம் முழுக்கத் தங்கினார். கொஞ்சம் ஏற்றுவோம், தப்பு வருகிறதா என்று சோதிக்கும் புரோகிராமை ஓட்டுவோம், மறுபடி ஏற்றுவோம். ஒரு கட்டத்தில் விசித்திரமாக இருந்தது. காலையில் சுத்தமாகத் தேறிய வேகம் மத்தியானம் தப்புக் காட்டியது. கேபிளை மாற்றினேன், மெமரியைக் கழற்றி மாட்டினேன். அண்ணி சுவரைத் தொட்டுப் பார்த்தார். மேற்குச் சுவர் தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"அக்னி நட்சத்திரத்துல ஓவர்க்ளாக் பண்றோம். மெமரியும் வியர்க்குது. வெயில்ல பாஸ் ஆனாத்தான் பாஸ்" என்றார். பெட்டியை வடக்கு அறைக்கு மாற்றினோம். மெமரிக்கு நேராக ஒரு சின்ன விசிறியையும் வைத்தார். அப்படியும் மத்தியானத்தில் எப்போதாவது ஒரு தப்பு வந்தது.

இதற்குள் எனக்கு வேக வெறி பிடித்துவிட்டது. ஒரே ஒரு தப்புதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த வேகத்திலேயே ஒரு கணக்கை ஓட விட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது! இருவரையும் கூப்பிட்டு, கணக்கு போட்டுக் கொடுத்த வெள்ளப் படத்தைத் திறந்து காட்டினேன். சுற்றியுள்ள வயலெல்லாம் முழங்கால் தண்ணீர். நடுவில் ஒரே ஒரு வயலில் மட்டும் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் கம்பமாக நின்றது.

"அது யாரோட வயல்னு கேட்டுச் சொல்லு, மீன் வளர்க்கலாம்" என்றார் என் கணவர்.

அண்ணி சிரிக்கவில்லை. "வேகத்தை ஒரு படி இறக்கு" என்றார்.

"கொஞ்சம் மின்சாரத்தைக் கூட்டிப் பாக்கலாமே, அண்ணி? நீங்கதானே ஓவர்க்ளாக்..."

"இது கண்ணுக்குத் தெரிஞ்ச தப்பு. ரெண்டு விரல்கடை தப்பா வந்திருந்தா நீ அப்படியே சென்னைக்கு அனுப்பியிருப்ப. இறக்குடி."

இறக்கினேன். மனசே இல்லை. அன்று மத்தியானம் வெயில் உச்சியில் இருந்தபோது சோதனையை ஓட்டிவிட்டு அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். தப்பு ஒன்றுகூட இல்லை. மறுநாளும் இல்லை. அதே கணக்கைத் திரும்ப ஓட்டினோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது முடிந்தது, எல்லா வயலிலும் நியாயமான தண்ணீர். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஓடியது இப்போது அரை நாளில்! அண்ணியும் நானும் கை கொட்டிக்கொண்டோம். அதற்குள் அண்ணன் போனில், "அவளை எப்ப அனுப்பப் போற? இங்க நான் பொங்கித் தின்னு இளைச்சுட்டேன்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் அண்ணன் வீட்டில் உறவினர் குழந்தையின் ஞானஸ்நான விருந்து. வழக்கம்போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் சித்தப்பா தன் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஓடுகிறது, தூக்கிப் போடப்போகிறேன் என்றார். நான் எல்லோர் குரலுக்கும் மேலே என் குரலை உயர்த்தி, "போடாதீங்க சித்தப்பா, அண்ணிகிட்ட கேளுங்க. என்னோடதை அவங்கதான் கட்டினாங்க" என்றேன்.

எல்லோரும் அண்ணி பக்கம் திரும்பினார்கள். பிறகு சித்தப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் போனார். அவருக்குப் பின்னால் என் மாமா. அவருக்குப் பின்னால் பிரிண்டர் வேலை செய்யாத ஒரு அத்தை. அண்ணி அவர்கள் தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்து முறைத்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "மெமரி எவ்வளவு போட்டிருக்கீங்க, மாமா?" என்று சித்தப்பாவிடம் ஆரம்பித்தார். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. அவருடைய பிரியாணித் தட்டு ஆறிப்போகாமல் நான் மூடி வைத்தேன்.