பலகைக்கு மேல் பலகை

தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அரசாங்கக் காகிதம் என்றாலே எனக்குப் பயம். மாநகராட்சி நோட்டீஸ் வந்த அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அதில் இரண்டே விஷயம். கடைப் பெயர் தமிழில், பெரிதாக இருக்க வேண்டும். பலகை நடைபாதையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

என் பலகையில் ஆங்கிலம் மட்டும்தான். அதுவும் சுவரை விட்டு வெளியே தள்ளி, ஓர் இரும்புச் சட்டத்தில் நின்றது. போர்டு அடிப்பவரைக் கூப்பிட்டேன்.

"பழசைக் கழட்டினா ரெண்டு நாள் கடை மூடணும் சார். அது மேலயே தமிழ் போர்டை அடிச்சிடலாம். போட்டோல சூப்பரா இருக்கும்" என்றார்.

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. அதே சட்டத்தில் பழைய பலகையின் மேல் புதிது ஏறியது. படமெடுத்து மாநகராட்சிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற நான், நோட்டீஸின் இரண்டாவது விஷயத்தைப் பார்க்காததுபோல் மடித்து மேசைக்குள் வைத்துவிட்டேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை ஷட்டரைத் தூக்கியபோது தலைக்கு மேல் கிறீச்சென்று சத்தம். நிமிர்ந்தேன். இடதுபக்க போல்ட் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. சுவர்ப்பூச்சு உதிர்ந்து கிடந்தது. காற்று தள்ளத் தள்ள இரண்டு பலகைகளும் சேர்ந்து ஆடின.

அதற்கு நேர் கீழே பூக்கார அக்கா மல்லி தொடுத்துக்கொண்டிருந்தார். வெயிலுக்கும் தூறலுக்கும் என் பலகைதான் அவருக்குக் கூரை. பல வருடமாக அதே கல்லில்தான் உட்கார்வார்.

அப்போதும் வாயில் உண்மை வரவில்லை.

"அக்கா, கார்ப்பரேஷன்காரங்க வராங்களாம். கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

"இன்னா சார், நீயும் தொரத்துறியா? வரட்டும், நான் பேசிக்கிறேன்" என்று இன்னொரு முடிச்சுப் போட்டார்.

போர்டு அடித்தவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். மறுபடி கிறீச். அக்காவின் தலையில் வெள்ளையாகச் சுவர்த்தூள் விழுந்தது. அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"அக்கா, எழுந்திருங்க! போர்டு விழப்போகுது! என் தப்புதான்!"

அவர் மேலே பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

ஆனால் தூறலுக்கு ஒதுங்க ஷேர் ஆட்டோவுக்கு நிற்பவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேறு வழி தெரியவில்லை. நோட்டீஸை எடுத்து அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன்.

"எந்தக் கடை மேல சார் புகார்?" என்று ஒரு பெண் கேட்டார்.

"என் கடை மேலதான்மா."

"உங்க கடையா?" என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு முகவரி கேட்டார்.

அவர்கள் வரும்வரை ஷட்டர் இழுக்கும் கம்பியோடு ஒரு பக்கம் நான் நின்றேன். மறுபக்கம் அக்கா, "அந்தாண்ட போ, அந்தாண்ட போ" என்று ஆட்களை விரட்டினார். என் கம்பியை யாரும் மதிக்கவில்லை. அவர் குரலுக்கு எல்லோரும் விலகினார்கள்.

எந்த ஆட்களை நினைத்து இத்தனை நாள் நடுங்கினேனோ அவர்கள் ஏணியோடு வண்டியிலிருந்து இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கயிறு கட்ட ஒருவர் ஏணியைச் சாய்த்தார். ஏறுவதற்கு முன்பே இரண்டு பலகைகளும் சட்டத்தோடு வந்து விழுந்தன. அக்கா உட்காரும் கல்லின் ஒரு மூலை உடைந்து தெறித்தது.

அக்கா அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல எதுக்கு சார் கார்ப்பரேஷன்னு பொய் சொன்ன?"

இப்போது பெயர் சுவரோடு ஒட்டித் தமிழில் இருக்கிறது. அக்கா எதிர்க்கடை ஓரமாக உட்கார்கிறார். கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.