எவர்சில்வர் டம்ளரில் ஜெர்மன் பீர்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், பொங்கலுக்கு விடுப்பில் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த எங்கள் மகள், ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் அண்ணன். வேறு யாரும் இல்லை. டூரிஸ்ட்டுகளுக்கு விடும் பின்பக்கத்து அறைகள் இரண்டும் காலியாகக் கிடந்தன. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வயசுப் பெண்ணை நடு வீட்டில் உட்கார வைத்துத் தாய்மாமனே பீர் ஊற்றிக் கொடுத்தான் என்ற பேச்சு கிளியூர் வரைக்கும் போக எவ்வளவு நேரம் ஆகும்? காலையிலிருந்தே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எழுந்து எழுந்து போய் கேட்டைப் பார்த்தேன். என் நச்சரிப்பு தாங்காமல் வீட்டுக்காரர் ஜீப்பைக் கொண்டுவந்து கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். "இனி யாராச்சும் வரணும்னா ஜீப்பு மேல ஏறித்தான் வரணும். போய் உக்காரு புள்ள" என்றார்.

குடிப்பதற்காகக் கூடிய கூட்டம் இல்லை அது. பரீட்சைக்காகக் கூடியது.

மகள் அங்கே ஒரு சின்ன ஊரில், ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். பரிமாறுகிற படிப்பு. மூன்று வருடம். கடைசியில் ஓட்டலில் வைக்கும் சோதனையில், சொல்லிக் கொடுக்கிற அம்மா, பேர் சொல்லாமல் பீர்களை வரிசையாக ஊற்றி வைப்பாராம். ருசி பார்த்து இது இன்னது, இந்தப் பக்கத்தது, இந்தச் சாப்பாட்டுக்குச் சரிப்படும் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறவர்களை அதே ஓட்டலில் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வேறு ஊர், வேறு ஓட்டல் என்று அலைய வேண்டும். வேலை கிடைக்கும்வரை விசாவும் ஊசலில்தான். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பரீட்சை என்று கேட்டாலே இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதிலும் என் பிள்ளைக்கு நாக்கால் ஒரு பரீட்சை என்றால் நான் எந்தச் சாமிக்கு என்னவென்று வேண்டிக்கொள்வது?

அவளுக்கு மற்றதெல்லாம் சுலபமாம். ஒரே பொன்னிறத்தில் இருக்கும் நாலு வகைதான் குழப்புகிறதாம். அதனால் ஊருக்கு வரும்போதே ஆறு சின்ன பாட்டில்களை ஸ்வெட்டரில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். வகைக்கு ஒன்று. வீட்டில் பழகிப் பார்த்துவிட்டுப் போனால் தைரியமாக இருக்குமாம். ஏர்போர்ட்டில் ரெண்டு லிட்டர் வரைக்கும் விடுவார்கள், இது ஆறும் சேர்ந்து அதற்குள்தான் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். இருந்தாலும் அவள் வெளியே வந்து கூப்பிடும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறும் லேகர் என்ற சாதி. குளிரில் புளிக்க வைத்து, குளிரிலேயே நாள் கணக்கில் கிடக்க விட்டு எடுப்பது. பில்ஸ்னர் என்பது அதில் ஒரு வகை, கசப்புக்குப் பேர்போனது. பில்ஸ்னரிலும் வடக்குப் பக்கத்தது ஒன்று, தெற்குப் பக்கத்தது ஒன்று. அப்புறம் ஹெல்லஸ், எக்ஸ்போர்ட், செம்பட்டை நிறத்தில் மெர்சன், கறுப்பாக டுங்கெல். வடக்கத்தி பில்ஸ்னர் மட்டும் பச்சை பாட்டிலில் இருந்தது. மற்ற ஐந்தும் காப்பிக் கலர் பாட்டில்.

முந்தின நாளே ஆறையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். அன்று காலையில் அவள் படுக்கையிலேயே இரண்டு தடவை இருமியது என் காதில் விழுந்தது. தை மாதத்து ஏற்காட்டுக் குளிர், விமானத்தில் வந்த அலுப்பு, அதற்கு மேல் ஃபிரிட்ஜில் கிடந்த பீர் என்றால் நெஞ்சில் சளி கட்டாதா? அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். விடிந்ததும் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோய்ப் பின்னால் காப்பிக்கொட்டை காயும் களத்தில், வெயில் முதலில் விழும் மூலையில் வைப்பேன். இங்கே எல்லோர் வீட்டிலும் இதுதான் வழக்கம். அன்று எண்ணெயோடு சேர்த்து அந்த ஆறு பாட்டில்களையும் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்சம் குளிர் விடட்டும் என்றுதான். நல்ல வெயில். நான் இட்லி ஊற்றி முடித்துப் போய்த் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. சோடா பாட்டில் மாதிரி வெடித்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. உடனே எடுத்துப் பழையபடி ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டேன். எண்ணெயை வெயிலில் வைத்ததை யாராவது வீட்டில் அறிவித்துக்கொண்டிருப்பார்களா? நானும் சொல்லவில்லை.

அண்ணன் கடையை ஆளிடம் விட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வந்தார். ஊற்றுகிற பொறுப்பு அவருக்கு. டம்ளர் விஷயத்தில் எனக்கும் மகளுக்கும் சின்ன வாக்குவாதம். கண்ணாடி டம்ளர்தான் முறை, நுரையைப் பார்க்க வேண்டும் என்றாள் அவள். எவர்சில்வர் டம்ளராக இருந்தால் யார் எட்டிப் பார்த்தாலும் காப்பி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன் நான். கடைசியில், எவர்சில்வரில் நிறம் தெரியாது, அதுவும் நல்ல பயிற்சிதான் என்று ஒத்துக்கொண்டாள். ஊற்றியபோது நுரை டம்ளர் விளிம்புக்கு மேல் எழும்பி நின்றது. ஆற்றி ஊற்றின காப்பி கெட்டது போங்கள்.

எந்த டம்ளரில் எது என்று தனக்கு மறந்துவிடக்கூடாது என்பதற்காக அண்ணன் ஒவ்வொரு காலி பாட்டில் முன்னாலும் ஒரு மளிகைச் சாமானை அடையாளத்துக்கு வைத்தார். மகள் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் மூக்கு வேலை செய்தது. "மாமா, கிராம்பும் ஏலக்காயும் வெச்சிருக்கீங்களா? எடுத்துருங்க. அந்த வாசனையில எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"மளிகைக் கடக்காரங்கிட்ட வேறென்ன சாமி இருக்கும்? சரி, புளியங்கொட்டை, மொச்சக்கொட்டையின்னு வெச்சுக்கறேன். அதுக்கு வாசனை இல்ல, பேசவும் பேசாது."

பாதி பாட்டில் அவளுக்கு, மீதியில் எனக்கும் அண்ணனுக்கும் ஒவ்வொரு வாய். வீட்டுக்காரர் மத்தியானம் ஜீப்பில் சவாரி எடுக்க வேண்டியவர், அதனால் முகர்ந்து பார்ப்பதோடு சரி. முதலில் முகர வேண்டும், கொஞ்சமாக வாயில் விட்டு நாக்கு முழுக்கப் பரவ விட வேண்டும், விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சு விட வேண்டும் என்று மகள் சொல்லிக் கொடுத்தாள். நான் அப்படியே செய்தேன். அண்ணன் மடக்கென்று முழுங்கிவிட்டு, பரவுவதற்கு நேரம் கொடுக்கவில்லை என்று திட்டு வாங்கினார்.

முதலில் வந்தது டுங்கெல். முகர்ந்ததுமே சொல்லிவிட்டாள். கறுப்பாக இருந்தாலும் கசப்பில்லை. கேழ்வரகை வறுக்கும்போது வரும் வாசனை. கருப்பட்டிக் காப்பி ஆறிப்போனால் இப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணன். அடுத்தது மெர்சன். பன் ரொட்டியின் மேல்தோலை மட்டும் உரித்துத் தின்கிற ருசி. அதையும் சொன்னாள். மூன்றாவது ஹெல்லஸ். அது நாக்கை ஒன்றும் செய்யாமல் இறங்கியது. கடைசியில் லேசாக, வெந்த கோதுமையின் இனிப்பு. பீர் என்றால் இதுதானா, இதற்கா இத்தனை பயந்தோம் என்று எனக்கே தோன்றியது. நான்காவது தெற்கத்தி பில்ஸ்னர். கசப்பு இருந்தது, ஆனால் முதலில் ஒரு பூ வாசனை வந்து, அதற்குப் பின்னால்தான் கசப்பு வந்தது. அவள் கண்ணை மூடி யோசித்துச் சரியாகவே சொன்னாள். அண்ணன் சமையலறையிலிருந்து எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார்.

ஐந்தாவது டம்ளரில் அவள் முகம் மாறிவிட்டது. முகர்ந்தாள். குடித்தாள். தண்ணீர் குடித்து, ரொட்டியைக் கடித்துவிட்டு மறுபடி குடித்தாள்.

"இது என்னன்னு தெரியலீங்கம்மா. இப்படி ஒண்ண நான் குடிச்சதே இல்ல."

அவள் கையால் வாங்கிக் கொண்டுவந்த ஆறில் ஒன்றுதானே அது? அண்ணன் புளியங்கொட்டையையும் பச்சை பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரமில்லை கண்ணு என்று ஆறாவதை நீட்டினார். அது எக்ஸ்போர்ட். அதை ஹெல்லஸ் என்றாள். ஹெல்லஸ்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று அவளுக்கே உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அங்கே இருக்கிறவர்கள் சின்ன வயதிலிருந்து வீட்டு மேஜையில் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள், தனக்கு அந்த நாக்கு இல்லை, மூன்று வருடமும் வீண் என்று சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது, எல்லாம் என் சமையலால்தான் என்று. வந்ததிலிருந்து மிளகு போட்ட நாட்டுக்கோழியும் பச்சைமிளகாய்ச் சட்னியுமாகப் போட்டுப் பிள்ளையின் நாக்கைத் தீய்த்துவிட்டேன். விமானம் ஏறும்வரை தயிர்ச்சோறும் ரசமில்லாச் சாப்பாடும்தான் என்று அறிவித்தேன். அதைக் கேட்டு அண்ணன், அவளுடைய நாக்கு கெட்டால் கெடட்டும், நான் மத்தியானம் இங்கேதான் சாப்பிடப் போகிறேன், கோழியை நிறுத்தாதே என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்த பதற்றத்தில் நாங்கள் அந்த ஐந்தாவதை இன்னும் தொட்டிருக்கவில்லை, வீட்டுக்காரர்தான் எழுந்து வந்தார். டம்ளரை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதென்ன கண்ணு, ஓட்டு மேல மரநாய் படுத்துட்டுப் போன வாடை அடிக்குது?"

காப்பித் தோட்டத்துக்கு நடுவில் குடியிருக்கிற எங்களுக்கு மரநாயைத் தெரியாதா? நானும் முகர்ந்தேன். அதேதான். மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கி இன்னொரு தரம் முகர்ந்தாள். எழுந்துபோய் அந்தப் பச்சை பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இது எங்கீங்க இருந்துச்சு?"

"ஃபிரிட்ஜுலதான் சாமி."

"அதுக்கு முன்னால?"

"களத்துல வெச்சேன். எண்ணெய் பாட்டிலோட. நீ இருமுனியே, கொஞ்சம் குளிர் விடட்டும்னு."

"வெயில்லயா?"

"வெயில்ல வெக்காம எண்ணெய எங்க வெப்பாங்க?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, தலைக்கு ஏறிவிட்டதோ என்று. பிறகுதான் சொன்னாள். பீருக்குக் கசப்புக் கொடுக்க ஒரு பூவைப் போடுகிறார்கள். வெயில் பட்டால் அந்தக் கசப்பு கெட்டு இந்த வாடை வந்துவிடும். காப்பிக் கலர் பாட்டில் வெளிச்சத்தைத் தடுத்துவிடும், பச்சை தடுக்காது. அதைப் பற்றிப் படித்திருக்கிறாளே தவிர மூக்கால் அறிந்ததில்லை. அவள் வேலை பார்க்கும் ஓட்டலில் பீரைக் கொண்டுபோய்க் களத்தில் காயவைக்க யாரும் இல்லை. அப்படியானால் இப்படி ஒன்றைக் குடித்ததே இல்லை என்று அவள் சொன்னது சரிதான். நாக்கு பழுதில்லை.

"எண்ணெயாச்சும் உருகுச்சா அம்முணி?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

சிரித்து ஓய்ந்த பிறகு பார்த்தால் பாரம் முழுசாக இறங்கவில்லை. அவளை அதிகம் ஏமாற்றுவது அந்த வடக்கத்தி பில்ஸ்னர்தானாம். அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் நான் கெடுத்தாகிவிட்டது. எக்ஸ்போர்ட்டையும் ஹெல்லஸையும் மறுபடி மறுபடி மாற்றிக் குடித்துப் பார்த்தாள். எக்ஸ்போர்ட்டுக்கு உடம்பு கொஞ்சம் கனம், கசப்பும் ஒரு இழை கூட என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. பரவாயில்லை, அங்கே போய்க் குடித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்காகச் சொன்னாள். போன மறுநாளே சோதனை என்பது எனக்குத் தெரியாதா?

அந்த வாரமே அண்ணன் சரக்கெடுக்கச் சேலத்துக்குப் போனபோது, வெளிநாட்டுச் சரக்கு விற்கும் பெரிய கடையைத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறார். அதே பச்சை பாட்டில் பில்ஸ்னர் இருந்திருக்கிறது. ஆனால் அலமாரியில் டியூப்லைட்டுக்கு நேராக நின்றதை வாங்க மாட்டேன், உள்ளே பிரிக்காத அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடு என்று நின்றிருக்கிறார். வேட்டி கட்டிய மளிகைக் கடைக்காரர் பீருக்கு வெளிச்சம் ஆகாது என்று பாடம் நடத்தியதை அந்தப் பையன்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ. கொண்டை ஊசி வளைவில் ஒன்று உடைந்தாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று இரண்டு வாங்கினார். சாக்கில் சுற்றிப் புளி மூட்டைக்கு அடியில் வைத்தார். அதன் பிறகும் மலை ஏறவில்லை. வெயில் படக்கூடாது என்று அடிவாரத்து டீக்கடையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கிறார். இத்தனை நேரமாகியும் ஆளைக் காணோமே, பனியில் எந்த வளைவில் விழுந்து கிடக்கிறாரோ என்று நான் செத்துப் பிழைத்தேன்.

அன்று கண்ணாடி டம்ளரில் ஊற்ற விட்டேன். வெளுத்த பொன் நிறம். மகள் முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள், தோள் இரண்டும் கீழே இறங்கின. "இதுதாங்க மாமா" என்றாள். நானும் ஒரு வாய் குடித்தேன். பூ வாசனையெல்லாம் இல்லை. வறட்டுக் கசப்பு, நேராகத் தொண்டைக்குப் போய் அங்கேயே நின்றது. தெற்கத்தியது சிரித்துக்கொண்டே பேசும், இது முகத்தைப் பார்த்துப் பேசும் என்றாள் மகள். எனக்கு அது புரிந்தது. இரண்டாவது பாட்டிலை விமானம் ஏறும் முந்தின நாள் வரை அரிசி டின்னுக்குள் வைத்திருந்து, மறுபடி ஒரு தரம் ருசி பார்த்துவிட்டுப் போனாள்.

சோதனையில் ஒன்றைத்தான் மாற்றிச் சொன்னாளாம். எக்ஸ்போர்ட்டை ஹெல்லஸ் என்றிருக்கிறாள். வடக்கத்தியதை முதல் வாயிலேயே சொல்லிவிட்டாள். அதே ஓட்டலில் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். போனில் கேட்டதும் நான் சந்தோஷப்படவில்லை, எழுத்தில் கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுத்துவிட்டார்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன்.

பில்ஸ்னர் வாங்கின பணத்தை அன்றே நீட்டினேன். பாஸாகட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றார் அண்ணன். பாஸானதும் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். சம்பளக்காரி ஆகிவிட்டாள், அவள்தான் தர வேண்டும், உன் காசு எனக்கு எதற்கு என்று கடையில் நின்றவர்கள் முன்னால் சொல்லிவிட்டார். மகள் முதல் சம்பளத்தில் போனிலேயே அனுப்புகிறேன் என்றாள். அதுவும் கூடாதாம். "நேர்ல வந்து எங்கையில குடுக்கட்டும். அப்பத்தான் அவ ஊட்டுக்கு வருவா" என்கிறார். அடுத்த விடுப்பு எப்போது கிடைக்குமோ, அதுவரைக்கும் கூடப்பிறந்தவரிடம் கடன் நிற்கலாமா என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு பாட்டிலுக்குச் சேர்த்து எண்ணூற்று நாற்பது ரூபாய், இன்னும் பாக்கி.