பாக்சி சார் பெயரில் நான் அளித்த அனுமதி

1. குளிர்சாதனக் கூடம்

எங்கள் சுங்க அலுவலகத்தில் கணினி முறை தொடங்கிய நாளன்று, மதியம் வரை ஒரு பில் கூட நகரவில்லை. இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. கணினிகள் வைத்த கூடத்திற்கு மட்டும் குளிர்சாதன வசதி செய்திருந்தார்கள். கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில், எல்லாப் பிரிவினருக்கும் அந்தக் கூடத்தில் அவசர வேலை இருப்பதாகத் திடீரென்று தெரியவந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்கள் வெளியே போகவில்லை. தேநீர் கொண்டுவருபவரும் கெட்டிலுடன் உள்ளேயே அமர்ந்துவிட்டார்.

நான் அங்கே அப்ரைசர் ஒருவரின் கீழ் எழுத்தராகப் பணிபுரிந்தேன். பள்ளி இறுதித் தேர்வுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆங்கிலத்தைக் கோப்புகளிலிருந்தும், வீடு இருந்த டாக்குரியாவிலிருந்து வரும் ரயிலில் பிறர் படித்துவிட்டுப் போட்ட செய்தித்தாள்களிலிருந்தும் கற்றுக்கொண்டேன். அப்ரைசர் பதவிக்கு வேண்டிய தகுதி எனக்கு இல்லை என்பதையும், அந்த வேலை முழுவதும் எனக்குத் தெரியும் என்பதையும் ஒருசேர அறிந்திருந்தேன்.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கு, இறக்குமதியாளரின் கிளியரிங் ஏஜென்ட் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்னும் படிவத்தைத் தாக்கல் செய்வார். சரக்கு எந்த வகை, மதிப்பு சரியா, துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுமா என்பதையெல்லாம் அப்ரைசர் தீர்மானிப்பார்.

காகித காலத்தில் அப்ரைசர் வெளியே சென்றிருந்தால், வழக்கமான பில்களில் அவருடைய பதவிப் பெயருக்கு முன்னால் ‘ஃபார்’ என்று எழுதி எழுத்தர் சுருக்கொப்பம் இடுவார். மாலையில் அவர் திரும்பி வந்து படித்துப் பார்த்துத் தம் கையொப்பத்தைப் பக்கத்தில் இடுவார். பிழை கண்டால் அடித்துவிடுவார். அதுவரை பில் அறையை விட்டு வெளியே போகாது. ‘ஃபார்’ போட்டவர் யார் என்பது எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் அப்ரைசர் பாக்சி சார். ஹவுராவிலிருந்து தினமும் படகில் ஆற்றைக் கடந்து வருவார். ஓய்வு பெற எட்டு மாதங்கள் இருந்தன. கணினிப் பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் அமர்ந்துவிட்டு மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்தார். அவர் வங்காள மொழியில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

“சுந்தரம் பாபு, இந்த ஹார்மோனியத்தை நீங்க வாசிங்க. நான் பாடுறேன்.”

சொல்லிவிட்டு, ட்ராம் டிக்கெட் ஒன்றின் பின்புறம் எழுதிய தம் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்தார். அன்று முதல் அவர் டெர்மினலின் முன் தம் நாற்காலியில் அமர்ந்து பில்லைப் படித்து உத்தரவு சொல்வார். நான் பக்கத்து ஸ்டூலிலிருந்து விசைகளை அழுத்துவேன். பயிற்சி தந்தவர்கள் இது கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாதி அலுவலகம் அப்படித்தான் நடந்தது.

2. அலிப்பூர் சாட்சி

ஜூலை மாதத்தில் ஒரு நாள், பழைய வழக்கொன்றில் சாட்சி சொல்வதற்காகப் பாக்சி சார் அலிப்பூர் நீதிமன்றத்திற்குச் சென்றார். பகல் பன்னிரண்டரை மணியளவில் எங்களுக்கு நன்கு பழக்கமான கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் நனைந்த குடையுடன் வந்தார். அச்சு இயந்திர உதிரி பாகங்கள், புதியவை, லாரிகள் காத்திருக்கின்றன, மழை வலுத்துவிட்டது என்றார்.

பாக்சி சார் மாலையில் வருவார் என்றேன். வங்காள வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் என்னைத் தாதா என்று அழைத்தார்.

“தாதா, போன மாசம் வந்த அதே கம்பெனி, அதே சரக்கு. நீங்கதானே போட்டுக் கொடுத்தீங்க? இந்த ஆபீஸ்ல யார் வேலை பார்க்குறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?”

நான் எழுந்து பாக்சி சாரின் நாற்காலியில் அமர்ந்தேன். பாஸ்வேர்டை அடித்தேன். திரையின் மேல் ஓரத்தில் அவருடைய பெயரும் பதவியும் தோன்றின. அந்தப் பில்லைத் திறந்து, பெட்டிகளைச் சோதிக்கத் தேவையில்லை என்ற குறியீட்டை இட்டு விசையை அழுத்தினேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடங்கள் ஆகியிருக்கும். ஏஜென்ட் நன்றி சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் பாக்சி சார் வந்தபோது அவரிடம் காட்ட எதுவும் இல்லை. பில் அப்பொழுதே துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டது. நடந்ததை வாய்மொழியாகச் சொன்னேன். நீதிமன்றக் களைப்பில் இருந்த அவர் தலையசைத்தார்.

மூன்று வாரங்களுக்குப் பின் புலனாய்வுப் பிரிவினர் ஒரு கிடங்கில் அந்தப் பெட்டிகளைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவை உதிரி பாகங்கள் அல்ல. பிரித்து அடுக்கப்பட்ட பழைய அச்சு இயந்திரங்கள். பழைய இயந்திரங்களை லைசென்ஸ் இன்றி இறக்குமதி செய்யக் கூடாது. சரக்கு பறிமுதல் செய்யப்பட்டது. ஏஜென்ட் தலைமறைவானார். சோதனை இல்லாமல் விட்டது ஏன் என்று பாக்சி சாருக்கு மெமோ வந்தது. விசாரணை தொடங்கிவிட்டால் அவருடைய ஓய்வூதியம் நின்றுபோகும் என்பதை அலுவலகத்தில் அனைவரும் அறிவோம்.

3. கோவைப் பெண்

மென்பொருள் குழுவில் கோயம்புத்தூரிலிருந்து வந்த கவிதா என்ற பெண் இருந்தார். தமிழ் கேட்ட மகிழ்ச்சியில் என்னோடு பழகி, மாதம் ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிடும் அளவுக்கு நெருங்கியவர். கணினிப் பதிவுகளை எடுத்துத் தரும் பொறுப்பு அவருக்கு வந்தது. மெமோ வந்த அன்று மாலை, கூடம் காலியான பின் அவரிடம் போனேன்.

“அந்தப் பில்லை யார் போட்டாங்கன்னு பதிவுல எப்படிம்மா இருக்கு?”

“பாக்சி சார் பேருலதானுங்க இருக்குது. அவரு டெர்மினல், அவரு பாஸ்வேர்டு. பன்னெண்டு நாப்பதுக்கு.”

“அந்த நேரத்தில அவர் கோர்ட்டில கூண்டில நின்னுட்டிருந்தார்.”

“அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்களே சார்.”

“அவருக்காக இன்னொருத்தர் போட்டதுன்னு காட்டறதுக்கு ஏதாவது இடம் இருக்கா? பழைய பில்லில ‘ஃபார்’ போடுவோமே, அந்த மாதிரி.”

“அப்படி ஒரு எடமே வெக்கலைங்க. ஒருத்தரு பேரு வந்தா அவருதான் பண்ணுனாருன்னு அர்த்தம்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீங்க எங்கிட்ட எதையும் சொல்லிப்போடாதீங்க சார். சொன்னா நான் ரிப்போர்ட்ல எழுதோணும். சொல்றதுன்னா துணை ஆணையர்கிட்டயே சொல்லிருங்க.”

ஆகவே நான் வாய் திறக்காவிட்டால் எவரும் என்னைக் கேட்கப் போவதில்லை. வீடு திரும்பும் ரயிலில் இதையே எண்ணிக்கொண்டு வந்தேன். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். என் பதவி உயர்வும் அந்த ஆண்டுதான் வரவிருந்தது. டாக்குரியாவில் இறங்க மறந்து அடுத்த நிலையத்திலிருந்து நடந்து வந்தேன். நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் “அவருக்கு வந்த பேப்பர் உங்க பேருக்கு வந்திருந்தா, அவர் என்ன பண்ணியிருப்பார்?” என்று மட்டும் கேட்டாள்.

4. இரண்டு கடிதங்கள்

மறுநாள் காலை துணை ஆணையரிடம் என் கடிதத்தைக் கொடுத்தேன். பாக்சி சார் இல்லாத நேரத்தில், அவர் சொல்லாமல், நானே அவசரத்தில் அந்த அனுமதியை இட்டேன் என்று எழுதியிருந்தேன். துணை ஆணையர் அதைப் படித்துவிட்டு மேஜையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தார். அது சற்று முன்னர் பாக்சி சார் கொடுத்தது. பாஸ்வேர்டை எழுதி மேஜைக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்ததாகவும், யார் பயன்படுத்தினார் என்று தெரியாதென்றும், பொறுப்பு முழுவதும் தம்முடையதே என்றும் அதில் இருந்தது. கண்ணாடியின் கீழ் அவர் காளி படம் தவிர எதையும் வைத்ததில்லை.

பாக்சி சாரையும் வரவழைத்து, இரு கடிதங்களையும் அருகருகே வைத்தார் துணை ஆணையர்.

“ஒருத்தர் யாருன்னே தெரியாதுங்கிறார். ஒருத்தர் நான்தான்ங்கிறார். நான் எதை ஃபைல்ல வைக்கிறது?”

பாக்சி சார் என் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். அவருடைய கண்கள் நனைந்திருந்தன. பேச்சில் அது தெரியவில்லை.

“இவரோடதையே வைங்க சார். இங்கிலீஷ் என்னோடதை விட நல்லா இருக்கு.”

எனக்குப் பதவி உயர்வு நிறுத்தப்பட்டது. இரண்டு இன்க்ரிமென்ட் போயிற்று. ஓராண்டு தபால் பிரிவில் இருந்தேன். பாஸ்வேர்டைக் கொடுத்ததற்காகப் பாக்சி சாருக்குக் கண்டனம் பதிவானது. ஓய்வூதியம் தப்பியது. எஞ்சிய மாதங்களில் அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி எல்லாப் பில்களையும் தாமே முடித்தார். வரிசையில் நின்ற ஏஜென்ட்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

5. படகுத்துறை

அவர் ஓய்வு பெற்ற நாளில், மாலைகளும் சந்தேஷ் இனிப்புப் பெட்டிகளும் நிறைந்த பையைச் சுமந்துகொண்டு படகுத்துறை வரை அவருடன் சென்றேன். படகு அக்கரையிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தது.

“சுந்தரம் பாபு, அன்னைக்கு என் சீட்டில உட்கார்ந்தப்போ எப்படி இருந்துச்சு?”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை.

“நல்லா இருந்தது சார்,” என்றேன்.

“இருக்கும். அந்த வேலையை இத்தனை வருஷம் பண்ணிட்டு, ஒரு நாள்கூட உங்க பேர் வந்ததில்ல.” பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “நானும் அப்புறம் அந்தப் பில்லைப் படிச்சேன். போன மாசத்துச் சரக்கை விட எடை மூணு மடங்கு. உதிரி பாகம் அவ்வளவு கனக்குமா? காகிதத்துல இருந்திருந்தா உங்க கண்ணுல படாம போயிருக்காது. திரையில மேலே என் பேர் இருந்துச்சு, கீழே பில் இருந்துச்சு. நீங்க மேலே பார்த்துட்டீங்க, பாபு.”

படகு வந்து ஒட்டியது. கூட்டத்தோடு ஏறிப் போனார்.

அவசரத்தில் செய்தேன் என்று நான் கடிதத்தில் எழுதியது பாதி உண்மையே. மழையும் லாரியும் ஏஜென்டின் புகழ்ச்சியும் இருந்தன. ஆனால் அந்த நாற்காலியில் அமர வேண்டும் என்ற ஆசை எனக்கு முன்பே இருந்தது. அந்த வரியை அன்று விட்டுவிட்டேன், இங்கே எழுதிவிட்டேன். பாஸ்வேர்டைப் பிறரிடம் கொடுக்காதீர்கள் என்று இன்று எல்லா அலுவலகங்களிலும் சொல்கிறார்கள். பிறர் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வேன். தபால் பிரிவிலிருந்து திரும்பிய பிறகு எனக்கென்று ஒரு லாக்-இன் கிடைத்தது. திரையின் மேல் ஓரத்தில் என் பெயர் முதன்முதலில் தோன்றியபோது, அதைப் பார்க்காமல் நேராகக் கீழே எடை எழுதியிருந்த கட்டத்திற்குப் போனேன்.