பயில்வான் கையில் இருந்தது

எனக்கு அப்போது பதினாறு வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கடைத்தெருவில் பிராந்திக் கடை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கும். அதில் மலைபோல் ஒரு பயில்வான், தோளுக்கு மேல் பிராந்தி பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருப்பார். அந்தப் புஜமும் மார்பும் பாட்டிலிலிருந்துதான் வந்தன என்று நானும் என் தோஸ்த் முனுசாமியும் நம்பினோம். ஈரத் தோலைத் தூக்கப் பலம் வேண்டுமே என்று வாரம் தவறாமல் குடித்தோம்.

ஒருநாள் குஸ்திக்காக அந்தப் பயில்வானே ஊருக்கு வந்தார். முனுசாமி அவரைப் பலகையின் முன் கூட்டிப்போய் நிறுத்தினான்.

"வஸ்தாது, தினம் எவ்ளோ குடிப்பீங்க?"

அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"மூஞ்சி என்னுதுதான். ஆனா மெட்ராஸ்ல போட்டோ புடிச்சப்போ கைல இருந்தது இது" என்றார். கூடவே கொண்டுவந்திருந்த, தேகப்பயிற்சிக்குச் சுழற்றும் கர்லாக்கட்டையை எடுத்து, படத்தில் உள்ளபடியே ஒற்றைக் கையால் தூக்கினார். "பாட்டில நான் தொட்டதே இல்லப்பா."

கட்டையும் பாட்டில் வடிவம்தான். அவர் இறக்கி வைத்த கட்டையை முனுசாமியும் நானும் சேர்ந்துதான் தரையிலிருந்து கிளப்பினோம். அத்தனை நாள் குடித்துச் சேர்த்த பலம் அவ்வளவுதான்.

இன்றும் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கைக்குத்தான் போகிறது. அதில் முன்பு என்ன இருந்திருக்கும் என்று தேடுகிறேன்.